ஒரல்பாறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கல்வராயன் மலையில் நான் பார்த்த வேலைக்குக் களப் பொறுப்பாளர் என்று பெயர். மலை மேலிருக்கும் பழம்பாறைகளையும் ஓடைகளையும் சேர்த்து ஒரு புவிப்பூங்கா நடத்தும் திட்டம் அது. வருகிறவர்களுக்குப் பாறைகளைக் காட்டி விளக்கம் சொல்ல உள்ளூர் ஆட்களைப் பழக்க வேண்டும். அவர்கள் காட்டிலும் கொல்லையிலும் எடுப்பதைப் பொட்டலம் போட்டு விற்கச் சொல்லித் தர வேண்டும். ஊர்க் கூட்டம் போட்டு, கோபப்படுகிறவர்களைச் சமாதானம் செய்ய வேண்டும். இந்த மூன்றும் என் தலையில் இருந்தன.

அதற்கு முன்னால் ஒரு கருங்கல் குவாரியில் இருந்தேன். நிலவியல் படித்தவனுக்கு எங்கள் பக்கத்தில் கிடைத்த வேலை அதுதான். எங்கே வெடி வைத்தால் கல் விரிசல் விடாமல் பெயர்ந்து வரும் என்று சொல்ல வேண்டும். ஆறு வருடம் சொன்னேன். மலைக்கு மாறியபோது களமருதூரில் குத்தகை நிலத்தில் நாற்று விட்டுக்கொண்டிருந்த அப்பா, "இப்ப இன்னா வேல?" என்று கேட்டார்.

"கல்லக் காட்டுற வேலப்பா."

"ஒடைக்காத சும்மா காட்டறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்றார். அவருக்கு அது கடைசிவரை விளங்கவில்லை. எனக்கோ, வெடிச்சத்தம் இல்லாத ஒரு இடத்தில் பாறையைத் தொட்டுப் பார்க்கலாம் என்பதே பெரிதாக இருந்தது.

முதல் ஊர்க் கூட்டத்தை வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் போட்டோம். பூங்கா வருகிறது என்று கேள்விப்பட்டு நிறையப் பேர் வந்திருந்தார்கள். நான் அரை மணி நேரம் பேசினேன். பூமி உருவானது, பாறை வெந்தது, மலை எழுந்தது எல்லாம் சொல்லி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அது சரிங்க சார், ஊஞ்சலு எங்க போடப்போறீங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் என்றுதான் அங்கிருந்த அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். கேட்கத் துணிந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். பருவத்தில் காட்டில் கடுக்காய் பொறுக்குவார், மற்ற நாட்களில் மரவள்ளிக் கொல்லையில் கூலிக்குப் போவார். கணவர் வருடத்தில் பாதி நாள் சிக்மகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருந்தார். ஒரு பெண் பிள்ளை, விடுதியில் தங்கிப் படித்தது. வழிகாட்டிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்த பெண்களில் அவர்தான் முதல் ஆள்.

அவருக்கு இருந்த குரலை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. ஒரு மேட்டில் நின்றுகொண்டு அடுத்த மேட்டில் மாடு ஓட்டுகிறவரிடம் சாவகாசமாகப் பேசுவார். பக்கத்தில் நின்றால் நமக்குக் காது அடைக்கும். ஆனால் சொல்லும் விதம் ஒன்று இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாய் வரிவரியாய்ப் படிந்த பாறையை நான் பத்து நிமிடம் விளக்குவேன். அவர், "கேவுரு களியில வெல்லப்பாகு ஊத்திக் கிண்டறோம் பாருங்க, முழுசா கலக்கறதுக்கு முன்ன எறக்கி வச்சா வரிவரியா நிக்கும். இது பூமிக்குள்ள வெந்த களிங்க" என்று முடித்துவிடுவார். கல்லூரி மாணவர்கள் அதைத்தான் குறித்துக்கொண்டார்கள்.

நாங்கள் காட்டிய ஐந்து இடங்களில் மூன்றாவது ஒரல்பாறை. ஓடை ஒரு பாறைத் தளத்தின் மேல் ஓடும் இடம் அது. வெள்ளத்தில் சுழலும் கூழாங்கற்கள் காலகாலமாகக் குடைந்து, பாறையில் உரல் உரலாகக் குழிகள் விழுந்திருக்கும். சில குழிகளில் முழங்கால் அளவுதான் தண்ணீர். சிலவற்றில் ஆள் முழுகிப் போகலாம். விளிம்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். மலைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தக் குழிகளில் இறங்கி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். மழை இல்லாத மாதங்களில் நாங்களும் விட்டோம்.

மழைக்காலத்தில் அங்கே வேறு கணக்கு. ஒரல்பாறையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே காட்டில் மழை கொட்டும். தண்ணீர் வரப்போவது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த அக்காவுக்குத் தெரியும். முதலில் சருகு வரும், பிறகு தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும், அதன் பிறகு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும் என்பார். சருகைப் பார்த்ததும் கத்துவார். யார், எவர், கார் பெரிதா சிறிதா என்றெல்லாம் பார்க்க மாட்டார். "ஏய், ஏறு மேல! போனக் கீழ போட்டுட்டு ஏறுய்யா! சாவறதுக்கா வந்த?" அந்தச் சத்தம் மேலே சாலையில் இருக்கும் எங்கள் தகவல் குடிசை வரைக்கும் கேட்கும். கேட்ட ஆள் எவனும் ஏறாமல் இருந்ததில்லை.

அப்படி ஏறியவர்களில் ஒருவர் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். 'சுற்றுலாப் பயணிகளை மிரட்டும் வழிகாட்டி' என்று தலைப்பு. எங்களுக்கு வரும் மதிப்பீட்டு நட்சத்திரங்கள் குறைந்தன. திட்டத்தின் இயக்குநர் நகரத்திலிருந்து போன் செய்தார். நல்லவர்தான், மலைக்காக அலைந்தவர். "சமூகப் பங்கேற்பு என்று ஊரெல்லாம் பேசுகிறோம், இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நீங்கள்தானே பயிற்சி கொடுத்தீர்கள்?" என்றார்.

நான்தான் கொடுத்தேன். 'விருந்தினரிடம் பேசும் முறை' என்று கையேட்டில் ஒரு பக்கமே எழுதியிருந்தேன். மறுநாள் எல்லா வழிகாட்டிகளையும் கூட்டி, அந்தப் பக்கத்தை மறுபடி படித்துக் காட்டினேன். அக்காவை எழுந்து நிற்கச் சொன்னேன்.

"அக்கா, கத்தக் கூடாது. வந்தவங்க மனசு நோவும்."

"தண்ணி வந்துகினு இருந்துச்சிங்க சார்."

"வரட்டும். அத மரியாதையா சொல்லலாம் இல்ல?"

"தண்ணிக்குக் காது கெடையாதே சார். ஆளுக்குத்தான காது இருக்குது. அதான் ஆளப் பாத்துக் கத்தறேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. "இந்த மாதிரி எதிர்ப்பேச்சு பேசுனா கார்ட திருப்பி வாங்கிக்க வேண்டி வரும்" என்றேன். வழிகாட்டிகளுக்கு நாங்கள் கொடுத்திருந்த படம் போட்ட அடையாள அட்டையைத்தான் சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. அந்த அட்டையை அவர் மகளின் விடுதிக்குப் போட்டுக்கொண்டு போய் வார்டனிடம் காட்டியிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

'ஐயா, அம்மா, தயவுசெய்து பாதுகாப்பான இடத்துக்கு வாங்க.' இந்த வாக்கியத்தை நான் எழுதிக் கொடுத்தேன். எல்லார் முன்னாலும் பத்துத் தடவை சொல்லச் சொன்னேன். முதல் இரண்டு தடவை குரல் கூரையை முட்டியது. "இன்னும் மெதுவா" என்றேன். பத்தாவது தடவை, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் பேசுவது மாதிரி இருந்தது. "இப்ப கரெக்ட்" என்றேன்.

அதன் பிறகு புகார் வரவில்லை. அக்கா போட்டிருந்த சிறு கடையில் கடுக்காயும் சாமை முறுக்கும் நன்றாக விற்றன. வந்தவர்கள் அவரைப் பாராட்டி எழுதினார்கள். திட்டத்தின் விளம்பரத் தாளில் அவர் படத்தைப் போட்டோம். என் பயிற்சிக்கு இதுதான் சாட்சி என்று இரண்டு கூட்டங்களில் நான் பேசியும் இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐப்பசியில் வந்தது. காலையிலிருந்து மழை இல்லை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, தகவல் குடிசையில் ஒரு கல்லூரிப் பேருந்துக் கூட்டத்துக்கு நான் வரைபடம் காட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஒரல்பாறையில் அக்காவும், மணலூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதியும் மட்டும் இருந்தார்கள். கணவன் கரும்பு விவசாயி, முப்பத்தைந்து வயதுக்காரர். வெட்டு முடிந்து, ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மனைவியை அழைத்து வந்திருந்தார்.

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இதை நான் பல தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் ஆற்றின் திசையைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கேள்வி கேட்டாள். பதில் சொன்னேன். பிறகு கீழேயிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது. அது அக்காவின் குரல் இல்லை.

நாங்கள் ஓடி இறங்கியபோது பாறைத் தளமே தெரியவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் ஒரே முட்டாக இரைந்து போய்க்கொண்டிருந்தது. அந்த மனைவி கரையில் குப்புறக் கிடந்து கத்திக்கொண்டிருந்தார். அக்கா இடுப்பளவு தண்ணீரில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேலை பாதி அவிழ்ந்து தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. முழங்காலில் சதை பிய்ந்திருந்தது. இரண்டு மாணவர்களும் நானும் சேர்ந்து அவரை இழுத்துப் போட்டோம். அவர் கண் தண்ணீர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

தீயணைப்புப் படையினர் மறுநாள் காலையில், வெள்ளம் வடிந்த பிறகு, நான்கு குழி தள்ளி அந்த மனிதரை எடுத்தார்கள். குழி அவரைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது.

இரண்டு நாளில் விசாரணை தொடங்கியது. இயக்குநர் நேரில் வந்தார். தூங்காத முகம். "சாயங்காலத்துக்குள் ஒரு அறிக்கை வேண்டும்" என்றார். அவர் கொண்டு வந்த வரைவில் ஒரு வரி இருந்தது: 'பணியிலிருந்த வழிகாட்டி, பயிற்சியில் கூறப்பட்டபடி உரிய நேரத்தில் எச்சரிக்கவில்லை.' நான் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"அவர் எச்சரித்தாரா இல்லையா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சார். நான் மேல இருந்தேன்."

"உங்களுக்குக் கேட்டதா?"

"கேக்கல."

"அப்புறம்?" என்றார். "ஒரு ஆளின் தவறு என்று முடிந்தால் திட்டம் தப்பிக்கும். திட்டத்தின் தவறு என்றால் மூடிவிடுவார்கள். மற்ற குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்."

நினைத்துப் பார்த்தேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் கையேட்டுப் பக்கத்தைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாது என்ற பயம்தான் எனக்குள் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அக்காவை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அட்டையைத் திருப்பி வாங்க ஆபீஸ் ஆளை அனுப்பினேன், நானே போகும் தைரியம் இல்லாமல்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இயக்குநர் என்னை மணலூர்ப்பேட்டைக்கு அனுப்பினார். கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வீடு. ஷாமியானா போட்டிருந்தார்கள். நான் யார் என்று தெரிந்ததும் ஆண்கள் சிலர் எழுந்து கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டார்கள். இறந்தவரின் அண்ணன் என்னைப் பார்த்து, "ஒரு பொம்பளைய அங்க வுட்டுட்டு நீங்க இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து இறந்தவரின் மனைவி கூப்பிட்டனுப்பினார். சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைவிடச் சின்னவர்.

"அவங்க எப்படி இருக்காங்க?" என்றார்.

"யாருங்க?"

"என்ன இழுத்துப் போட்டாங்களே, அவங்க. கால்ல அடிபட்டுதே. நல்லா இருக்காங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, நல்லா இருக்காங்க என்றேன். பிறகு கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். "அவங்க உங்களுக்கு எதுவும் சொல்லலியா? தண்ணி வருதுன்னு?"

"சொன்னாங்களே. ரெண்டு வாட்டி சொன்னாங்க. ஐயா தயவுசெய்து பாதுகாப்பான எடத்துக்கு வாங்கன்னு. ரொம்ப மெதுவா சொன்னாங்க. வேண்டிக் கேட்டுக்கற மாதிரி. அவரு, ரெண்டே நிமிசம்மா, ஒரு போட்டோன்னாரு. எங்களுக்கு அவசரம்னே தோணல சார். பஸ்ல, தயவுசெய்து படியில நிக்காதீங்கன்னு எழுதி இருக்குமே, அது மாதிரிதான் இருந்துச்சி. மூணாவது வாட்டி கத்துனாங்க. அப்ப தண்ணி வந்துட்டுது, அந்த எரைச்சல்ல பக்கத்துல நின்ன எனக்கே சரியா கேக்கல."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இலையில் உட்கார்ந்தேன். இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன். எலவனாசூர்கோட்டையில் பஸ் மாறி ஊருக்குப் போய்ச் சேர்ந்ததே நினைவில் இல்லை.

மறுநாளே ஒரு கடிதம் எழுதினேன். வழிகாட்டி இரண்டு முறை எச்சரித்தார், நான் எழுதிக் கொடுத்த வார்த்தைகளில், நான் பழக்கிய குரலில் எச்சரித்தார், அவருடைய வழக்கமான முறையைத் தடுத்தவன் நான், முந்தைய அறிக்கையில் அறியாமல் கையெழுத்திட்டேன் என்று எழுதினேன். 'அறியாமல்' என்பது பொய். அதை அடித்துவிட்டு, 'கேட்டு அறியாமல்' என்று மாற்றினேன். கையேட்டின் அந்தப் பக்கத்தையும் வைத்து இயக்குநருக்கும் விசாரணை அதிகாரிக்கும் அனுப்பினேன்.

விசாரணை அதற்குள் முடிந்திருந்தது. கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது. இயக்குநர் போனில் கோபப்படவில்லை. "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்னாலும் வேறு மாதிரி எழுதியிருக்க முடியும்" என்றார். அது உண்மைதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வருடத்தோடு என் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

பூங்கா மூடப்படவில்லை. ஒரல்பாறையைச் சுற்றிச் சங்கிலி போட்டார்கள். ஒவ்வொரு வழிகாட்டிக்கும் விசில் வாங்கிக் கொடுத்தார்கள். எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் ஊதலாம் என்று உத்தரவு. அக்காவின் அட்டையை மட்டும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். அறிக்கையில் பெயர் இருக்கும் ஆளை எப்படி மறுபடி எடுப்பது என்றார்கள். அவருடைய கடை இருந்த இடத்தில் வேறொருவர் சோளம் வறுக்கிறார். அக்கா கணவரோடு காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள்.

நான் இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போன வருடம் மலையில் கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள் என்று பழைய வழிகாட்டி ஒருவர் போன் செய்தார். கச்சிராயப்பாளையம் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா வீட்டுக்கு முன்னால் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அன்று மதியமே திரும்புகிறார்களாம். ஆள் இளைத்திருந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். "வாங்க சார்" என்றார். உட்கார ஒரு பலகையை எடுத்துப் போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். அறிக்கையில் கையெழுத்துப் போட்டது, பிறகு கடிதம் எழுதியது, அந்தம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சிடுங்க அக்கா என்றேன்.

மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டார். "நீங்க சொன்னதத்தான் சொன்னேன். அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதுக்குன்னு இம்மாந்தூரம் வந்தீங்களா?"

முடிச்சைப் போட்டு முடித்ததும் அவரே மேலும் சொன்னார். அந்தக் குரல் அப்போதும் மேலே எழவில்லை.

"நீங்க யாரும் என்கிட்ட இன்னா நடந்துச்சின்னே கேக்கலியே சார். சொன்னியா சொல்லலியான்னு மட்டுந்தான் அந்த ஆபீசரு கேட்டாரு. தண்ணி வந்தப்ப அந்தம்மா எறங்கிடுச்சி, அவரப் புடிக்கறன்னு. நானும் கீழ்ப்பக்கமா எறங்கனேன், ரெண்டு பேரும் என்கிட்ட வந்து மோதுனாங்க. ஒரு கைய வேரு மேல போட்டு முழங்கைல மாட்டிகினேன். அந்தக் கையாலயே அந்தம்மாவப் புடிச்சேன், இந்தக் கையால அவர. ரெண்டு பேரையும் இழுக்க முடியல. வேரு பேத்துகினு வந்துச்சி. அவரு என்னப் பாத்துகினே இருந்தாரு சார். வுட்டுடுன்னும் சொல்லல, வுடாதன்னும் சொல்லல. நான் வுட்டேன். வழுக்கிட்டுன்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கேன். வழுக்கல. நான்தான் வெரல விரிச்சேன்."

தன் வலது கையை ஒருமுறை பார்த்துவிட்டு மூட்டையின் மேல் வைத்துக்கொண்டார்.

"நீங்க விடலைன்னா மூணு பேரும் போயிருப்பீங்க அக்கா" என்றேன்.

"அது கணக்கு சார்" என்றார். "எனக்கும் தெரியுது."

சாலையில் ஜீப் வந்து நின்று ஒலி எழுப்பியது. அவர் கணவர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். அக்கா மூட்டையை எடுத்துத் தலையில் வைத்தார். இரண்டடி நடந்தவர் நின்று திரும்பினார்.

"அவரு பேரு இன்னா சார்? யாரும் சொல்லல."

சொன்னேன். உதடு மட்டும் அசைய, அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஜீப்பில் ஏறி, மற்ற பெண்களுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.